எத்தனை 'பி' போதும்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் இணைய வேகத்துக்கு ஏற்ற வீடியோவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடை ஏறுவதற்கு முன் ஒரு நண்பர் கேட்டார்: "இதில் பேச என்ன சார் இருக்கு? தரத்தை ஆட்டோன்னு விட்டுட்டா அதுவே பாத்துக்காதா?" நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பில் இப்போது எவ்வளவு வேகம் வருகிறது என்பது ஆட்டோவுக்குத் தெரியும். நீங்கள் அந்தப் படத்தை எதற்காகப் பார்க்கிறீர்கள், இன்றைய டேட்டா இரவு வரை தாங்க வேண்டுமா, அடுத்த அறையில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு ஓடுகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரியாத அந்தப் பாதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பெருக்கல் தெரிந்தால் போதும். 144பி, 360பி, 720பி, 1080பி என்று ஒரு பட்டியல் வருகிறதே, அந்த எண்கள் படத்தில் மேலிருந்து கீழாக எத்தனை வரிசைப் புள்ளிகள் இருக்கின்றன என்பதைச் சொல்பவை. 1080பி என்றால் 1,080 வரிசை. வரிசைக்கு 1,920 புள்ளி. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட் வேண்டும். நொடிக்கு 25 படம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு 124 கோடி பிட் வரும். வீட்டில் 100 மெகாபிட் ஃபைபர் போட்டிருப்பவருக்குக்கூட நொடிக்கு 10 கோடி பிட்தான் வருகிறது. உள்ளது உள்ளபடியே படத்தை அனுப்பினால், ஒரு நொடிக் காட்சிக்கு அவர் பன்னிரண்டு நொடி காத்திருக்க வேண்டும்.

ஆனால் 1080பி பார்க்க 5 மெகாபிட் இருந்தால் போதும் என்கிறது யூடியூப். 124 கோடி எங்கே, 50 லட்சம் எங்கே! ஏறத்தாழ 250-இல் ஒரு பங்கு. இந்தச் சுருக்கத்தின் வேரில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். 1940-இல் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக இருந்தபோது, படங்களைச் சுருக்கப் பயன்படும் ஒரு கணித முறையை ஆராய நிதி கேட்டு 1972-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அவர் விட்டுவிடவில்லை. ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையை முடித்து, 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்பது அந்த முறையின் பெயர், சுருக்கமாக டி.சி.டி. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகைப்படம், யூடியூபில் பார்க்கும் படம், அலுவலக வீடியோ கால் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அது என்ன செய்கிறது? படத்தை 8-க்கு 8 புள்ளி என்பது போன்ற சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் நிறம் எது, பொடிப்பொடியாக மாறும் நுணுக்கம் எது என்று தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. மெல்ல மாறுவதை நம் கண் நன்றாகக் கவனிக்கும். பொடி நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது. ஆகவே பொடி நுணுக்கங்களைக் கழித்துவிடலாம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் 'தரம்' இருக்கிறது. நெட் மந்தமாக இருக்கும்போது படம் சதுரம் சதுரமாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். கழிக்கக் கூடாத அளவுக்குக் கழித்துவிட்டதால் வெளியே தெரியும் கட்டங்கள்தான் அந்தச் சதுரங்கள்.

அடுத்த சிக்கனம் அசைவில் கிடைக்கிறது. கரும்பலகை முன் நின்று ஓர் ஆசிரியர் கணக்கு நடத்துகிறார். பலகை அசையவில்லை, சுவர் அசையவில்லை. கையும் சாக்பீஸும் மட்டும் நகர்கின்றன. ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, பிறகு மாறிய இடத்தை மட்டும் அனுப்பினால் போதும். அதே வேகத்தில் ஒரு தேர்த் திருவிழாவைப் பாருங்கள். கூட்டம், வடம், தோரணம், தூசி, தேர் எல்லாமே ஒரே நேரத்தில் அசைகின்றன. மிச்சம் பிடிக்க எதுவுமில்லை. அதனால்தான் ஒரே 480பி-யில் பாடம் பளிச்சென்று தெரிகிறது, திருவிழா கலங்கித் தெரிகிறது. 'பி' என்ற எண் அளவை மட்டுமே சொல்கிறது. நொடிக்கு எத்தனை பிட் செலவிடுகிறார்கள் என்பதுதான் தெளிவைத் தீர்மானிக்கிறது. பட்டியலில் அந்தக் கணக்கை நமக்குக் காட்டுவதில்லை.

இந்தத் தேர்வு ஒரு காலத்தில் முழுக்க முழுக்க நம் கையில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. தொலைபேசி வழி மோடம். பிற்பாடுகூட அதிகபட்சம் 56 கிலோபிட். 1997-இல் ரியல்வீடியோ வந்தது. அந்நாளில் ஒரு வீடியோவைத் திறந்தால் இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கும்: 28 கே, 56 கே, அதற்கு மேல். உங்கள் மோடம் எதுவோ அதை நீங்களே அழுத்த வேண்டும். பேராசைப்பட்டு மேலே உள்ளதை அழுத்தினால் 'பஃபரிங்' என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கட்டியவர்களுக்கு அந்தப் பாடம் சீக்கிரமே புரிந்தது.

2004-இல் இந்திய அரசு 256 கிலோபிட்டைத் தொட்டாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர் வைத்தது. 2005-இல் யூடியூப் பிறந்தது. 320-க்கு 240 புள்ளி, ஃப்ளாஷ் வடிவம். அப்போதைய உத்தி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். படத்தைப் போட்டு, உடனே பாஸ் செய்துவிட்டு, அடியில் உள்ள கோடு கடைசி வரை ஓடட்டும் என்று டீ குடிக்கப் போய்விடுவோம். திரும்பி வந்தால் படம் தடையில்லாமல் ஓடும். "இப்போதெல்லாம் பாஸ் போட்டாலும் முழுசா லோடு ஆகறதில்லையே, ஏன்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காரணம், படம் அனுப்பும் முறையே மாறிவிட்டது.

ஆப்பிள் 2009-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. 2012-இல் டேஷ் என்ற பொதுத் தரநிலை வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒரே படத்தை 144பி முதல் 1080பி வரை பல படிகளில் தயாரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு படியையும் சில நொடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள். உங்கள் கைப்பேசி ஒவ்வொரு துண்டையும் கேட்டு வாங்குகிறது. போன துண்டு சீக்கிரம் வந்துவிட்டதா, அடுத்த துண்டை மேல்படியில் கேட்கும். தாமதமா, கீழ்படியில் கேட்கும். வாங்கியதை வைத்துக்கொள்ளும் இடம்தான் பஃபர். மாடித் தொட்டி மாதிரி. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் இருப்பு உள்ளவரை வீட்டில் தடை இருக்காது. அந்தத் தொட்டியை ஓர் அளவுக்கு மேல் நிரப்ப மாட்டார்கள். நீங்கள் பாதியில் மூடிவிட்டால் மிச்சம் அத்தனையும் வீண் அல்லவா? பாஸ் போட்டாலும் கோடு பாதியில் நின்றுவிடுவது இதனால்தான்.

இதோ, திரையைப் பாருங்கள். மடிக்கணினியில் ஒரு யூடியூப் படத்தை ஓடவிட்டிருக்கிறேன். படத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி வருகிறது. 'கனெக்‌ஷன் ஸ்பீடு' என்ற வரியில் இணைப்பின் வேகம் இருக்கிறது. 'பஃபர் ஹெல்த்' என்ற வரியில் எத்தனை நொடிப் படம் கையிருப்பு என்பது இருக்கிறது. இப்போது இந்த அரங்கின் வைஃபையைத் துண்டித்துவிட்டு என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுகிறேன். கையிருப்பு இறங்குவதைக் கவனியுங்கள். படம் நிற்கவில்லை, கையிருப்பைத் தின்று ஓடிக்கொண்டிருக்கிறது. இதோ புதுத் துண்டு வந்துவிட்டது. ஆனால் படம் சற்று மங்கிவிட்டது. ஒரு படி இறங்கிவிட்டது. கையிருப்பு மறுபடி ஏறுகிறது. ஆட்டோ செய்யும் வேலை முழுவதும் உங்கள் கண்முன் நடந்துவிட்டது. கெட்டிக்கார ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை.

குறை எங்கே வருகிறது? வேகம் இருக்கும்வரை அது மேலே ஏறிக்கொண்டே போகும். டேட்டா உங்களுடையது என்ற கவலை அதற்கு இல்லை. யூடியூப் பரிந்துரைக்கும் வேகங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 360பி-க்கு 0.7 மெகாபிட். 480பி-க்கு 1.1. 720பி-க்கு 2.5. 1080பி-க்கு 5. 4கே-க்கு 20. அந்த வேகம் முழுவதையும் படமே எடுத்துக்கொள்வதாக வைத்துக் கணக்குப் போடுவோம். தினம் 1.5 ஜிபி திட்டம் போட்டிருப்பவர் 1080பி-யில் பார்த்தால் 40 நிமிடத்தில் கை காலி. 480பி-யில் மூன்று மணி நேரம் வரும். 360பி-யில் நாலே முக்கால் மணி. ஆறு அங்குலக் கைப்பேசியில், கைநீளத் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது 480-க்கும் 1080-க்கும் உள்ள வேற்றுமை, இந்த நாற்பது நிமிடத்துக்கும் மூன்று மணிக்கும் உள்ள வேற்றுமைக்கு ஈடாகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேகத்தை எப்படி அறிவது? ஸ்பீடு டெஸ்ட் தளங்கள் இருக்கின்றன. அதில் ஒரு குழப்பம் நேரும், கவனியுங்கள். வேகத்தை பிட்டில் சொல்வார்கள். கோப்பின் அளவை பைட்டில் சொல்வார்கள். ஒரு பைட் எட்டு பிட். 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 எம்.பி.தான் இறங்கும். கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போகுமுன் எட்டால் வகுத்துப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, காலை ஆறு மணிக்கு அளந்த வேகம் இரவு எட்டு மணிக்கு இருக்காது. ஒரு டவரின் கொள்ளளவை அந்தத் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது. எனவே நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் நேரத்திலேயே அளந்து பாருங்கள். வந்த வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கேட்கும் படியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்த்தால், மூன்றால் வகுத்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

வேகம் போதுமானதாக இருந்தும் படம் திக்குகிறதா? நெட்டைத் திட்டாதீர்கள், கைப்பேசியின் வயதைப் பாருங்கள். எச்.264 என்ற கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை, 2003-இல் வந்தது. கிட்டத்தட்ட எல்லாக் கைப்பேசியிலும் அதை விரிக்கத் தனிச் சில்லு உண்டு. 2013-இல் எச்.265-உம் விபி9-உம் வந்தன. 2018-இல் ஏவி1 வந்தது. புதியவை அதே தெளிவைக் குறைந்த பிட்டில் தருகின்றன. மந்தமான இணைப்புக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அவ்வளவு இறுக்கிக் கட்டிய மூட்டையைப் பிரிக்கக் கணக்கு வேலை அதிகம். அதற்கான சில்லு இல்லாத பழைய கைப்பேசி எல்லாவற்றையும் பிராசஸரிலேயே செய்து, சூடேறி, பேட்டரியைக் குடித்து, கடைசியில் திக்கும். அப்போது ஒரு படி இறக்கிவிட்டால் நெட்டுக்கும் நல்லது, கைப்பேசிக்கும் நல்லது.

இனி முக்கியமான கேள்வி. எதைப் பார்க்க எந்தப் படி? யாரோ ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார் என்றால், 240பி போதும். உண்மையில் காது மட்டும் போதும். கச்சேரிக்கும் அப்படித்தான். வித்வானின் முகத்தை 1080-இல் காட்டிவிட்டுத் தம்புராவை அறுத்து அறுத்துக் கேட்கவைப்பதில் அர்த்தமில்லை. கரும்பலகைப் பாடத்துக்கு எழுத்து வாசிக்கக் கிடைக்க வேண்டும். 480பி வையுங்கள், எழுத்து பொடியாக இருந்தால் 720பி. கிரிக்கெட்டுக்கு அசைவு முக்கியம். பந்து போகும் பாதை தெரிய வேண்டும். அங்கே பிட் கூடுதலாகத் தேவைப்படும். சினிமாவை வீட்டுப் பெரிய டி.வி.யில் பார்க்கிறீர்களா, ஃபைபர் இருந்தால் 1080-ஐத் தாராளமாகப் போடுங்கள். அதற்குத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

நேரலைக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. 2023 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். நேரலையில் தொட்டியை முன்கூட்டி நிரப்ப முடியாது. இன்னும் போடாத பந்தை எங்கிருந்து சேமிப்பது? கையிருப்பு சில நொடிகள்தான். அதனால் சின்னத் தடங்கலும் உடனே திரையில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் 'அவுட்' என்று கத்துவது கேட்டுவிட்ட பிறகு நம் திரையில் வட்டம் சுற்றுவதைவிடப் பெரிய துன்பம் உண்டா? ஆட்டம் தொடங்கும்போதே ஒரு படி இறக்கி வைத்துவிடுங்கள்.

படி இறக்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு 2020 மார்ச் மாதத்தை நினைவூட்டுகிறேன். ஊரடங்கில் உலகமே வீட்டில் அடைந்து கிடந்தது. ஐரோப்பாவில் நெட்ஃப்ளிக்ஸ் தன் போக்குவரத்தை 25 சதவீதம் குறைத்தது. யூடியூப் எச்.டி.யை விட்டு இறங்கி, சாதாரணத் தரத்தையே இயல்பாக வைத்தது. இந்தியாவில் வீடியோ நிறுவனங்கள் கூடிப் பேசி, கைப்பேசி வலைப்பின்னலில் ஏப்ரல் 14 வரை 480பி-க்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தன. அந்த நாட்களில் யாருக்கும் கதை புரியாமல் போகவில்லை.

டேட்டா தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல திட்டங்களில் தினசரி அளவு முடிந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். சற்றுமுன் நான் சொன்ன மோடம் காலத்துக்கே போய்விடுகிறோம். அதில் பேச்சொலி ஓடும், படம் ஓடாது. மாணவர்களே, இதற்கு மருந்து முன்யோசனைதான். நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில், கூட்டம் இல்லாத நேரத்தில், பாடங்களை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யூடியூப் அந்த வசதியை 2014-இலேயே இந்தியாவுக்குத் தந்துவிட்டது. இறக்கும்போதும் தரத்தைக் கேட்கும். பேராசைப்படாமல் 360பி-யை அழுத்துங்கள்.

கடைசியாக, இங்கே பாடம் பதிவு செய்து போடும் ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலேற்றும்போது நல்ல தரத்திலேயே ஏற்றுங்கள். கீழ்ப்படிகளைத் தளம் அந்த மூலத்திலிருந்துதான் தயாரிக்கிறது. மூலம் கலங்கலாக இருந்தால் 360பி இன்னும் கலங்கிவிடும். ஆனால் பாடத்தை எடுக்கும்போது, மிக மந்தமான இணைப்பில் பார்க்கும் மாணவியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். பின்னால் மின்விசிறியும் திரைச்சீலையும் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை ஆடினால் அவளுக்கு வர வேண்டிய பிட்டை அவை தின்றுவிடும். நல்ல கேமரா வாங்குவதற்கு முன் நல்ல மைக் வாங்குங்கள். பதிவு முடிந்ததும் உங்கள் கைப்பேசியில் 240பி வைத்து ஒரு முறை பாருங்கள். அதில் உங்களுக்கே வாசிக்க முடியாத எழுத்து அவளுக்கும் வாசிக்கக் கிடைக்காது. குரலை மட்டும் தனி ஆடியோவாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். படம் வராத இடத்துக்கும் அது போய்ச் சேரும்.

பெற்றோர்களே, மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். யூடியூப் செட்டிங்ஸுக்குப் போய், மொபைல் டேட்டாவுக்கு ஒரு தரம், வைஃபைக்கு ஒரு தரம் என்று தனித்தனியாக வைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பேச்சுக்குக் குறைந்தது, பாடத்துக்கு நடுத்தரம், பெரிய திரைக்கு உயர்ந்தது என்ற மூன்று விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், இருக்கிற இணைப்பே பெரும்பாலான வேலைக்குப் போதும். அதிக வேகத் திட்டத்துக்குக் கூடுதல் காசு கட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.